பாண்டவர் கோட்டையில் மண் சுமந்தேன்

"என்றதுங்க! அது என்றதுங்க! கையை எடுங்க!"

என்னுடையது, என்னுடையது என்று கத்தியது நான்தான். தலையில் இருந்த மண்கூடை எந்தப் பக்கம் விழுந்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. குழியின் விளிம்பிலிருந்து குதித்தேனா, சறுக்கி விழுந்தேனா, அதுவும் ஞாபகமில்லை. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

குழிக்குள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆபீசர் தணிகாசலம். சென்னையிலிருந்து வந்த சர்க்கார் மனிதர். பழங்காலத்து ஜனங்கள் குடியிருந்த இடங்களைத் தோண்டிப் பார்ப்பது அவர் உத்தியோகம். கையில் ஒரு சின்னக் கத்தி. அவருக்கு முன்னால் ஒரு பானை. காலை முழுக்கச் சுரண்டிச் சுரண்டி அதை வெளியே கொண்டுவந்திருந்தார். பானையின் வாயை மூடியிருந்த தட்டை அப்போதுதான் எடுத்திருந்தார். உள்ளே மாவு மாதிரி மண். அந்த மண்ணுக்குள் மெல்லிசு மெல்லிசாக எலும்புகள். சட்டென்று பார்க்கிறவர்கள் கோழி எலும்பு என்பார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை.

"என்னம்மா சொல்றீங்க? எது உங்களுது?" என்றார் ஆபீசர். மனிதர் பயந்தே போய்விட்டார்.

"அதுக்குள்ள இருக்கறதுங்க."

மேலே மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

பேச ஆளில்லாத சாளை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் கோயமுத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள் என்று தெரியும். அப்பா பஞ்சுத் தரகர். எங்கள் வீதியில் காலையில் கண் விழித்தால் இராத்திரி படுக்கிற வரைக்கும் சத்தம்தான். ஜட்கா வண்டி, தயிர்க்காரி, பக்கத்து வீட்டுச் சண்டை. சத்தம் ஒரு சொத்து என்று அப்போது தெரியவில்லை. எட்டாம் வகுப்பு முடித்ததும் படிப்பை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் கழித்து அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள் இருக்கமாட்டார்கள். அவரவர் தோட்டத்துக்குள்ளேயே வீடு. அதைச் சாளை என்போம். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் சோளக்காடும் பருத்திக்காடும். இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட ஒற்றை வண்டித் தடம். அதற்கு இட்டேரி என்று பெயர். அந்த இட்டேரியில் ஒரு மனுஷத் தலை தெரிந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

நான் சொல்லும் காலம் முப்பதுகளின் நடுவில். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. கிணற்றில் பாறை தெரிந்தது. நீலகிரியிலிருந்து பைக்காரா கரண்ட் வந்து, கோயமுத்தூரைச் சுற்றிப் பஞ்சு மில்லுகளாக முளைத்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரரும் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே நாலு பேரோடு ஒரு அறையில் தங்கல். நோம்பி நொடி என்றால் ஊருக்கு வருவார். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர்.

வீட்டில் நானும் மாமனாரும். அவர் நல்ல மனிதர். ஆனால் காது சுத்தமாகப் போய்விட்டது. அவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் தோட்டமே அதிரக் கத்த வேண்டும். ரகசியம், வருத்தம், சந்தேகம் இதெல்லாம் கத்திச் சொல்கிற விஷயமா? கடைசியில் எருமையிடம் பேசப் பழகிக்கொண்டேன். நல்ல எருமைதான். திருப்பிப் பேசாது, அவ்வளவுதான் குறை.

மேட்டில் எங்கேயோ

மழை பொய்த்ததால் என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போனார் என்று ஊரில் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. வெறும் தொட்டிலைப் பார்க்க முடியாமல் ஓடிப்போனார் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓடிப்போக அவருக்கு மில் இருந்தது. எனக்கு எது இருந்தது?

ஆடிக் காற்றில் பிறந்தவன், மார்கழிப் பனியில் போய்விட்டான். தங்கம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முறையாகப் பேர் வைக்கிறதுக்குள் சளி கட்டிக்கொண்டது. கஷாயம் கொடுத்தோம், பத்துப் போட்டோம், வண்டி கட்டி அன்னூர் டாக்டரிடம் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது வண்டியில் மூச்சு நின்றது. என் மடியில்தான். இதை எழுதும்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் அந்த வண்டிச் சத்தம் ஆகாது.

பல் முளைக்காத குழந்தையைச் சுடமாட்டார்கள், புதைப்பார்கள். அதற்கு மேளம் தாளம் கிடையாது, சுடுகாடு கூடக் கிடையாது. அப்பன்காரன் துணியில் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சொந்த மண்ணில் ஏர் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வருவான். வைத்த இடத்தைப் பெற்றவளிடம் மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் அவள் போய்ப் போய் அங்கேயே நிற்பாளாம்; அடுத்தது வயிற்றில் தங்காதாம். எங்கள் ஜனத்தில் அதுதான் வழக்கம். எந்த மகராசன் ஏற்படுத்தினானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "மேட்டுலதான் புள்ள. அதுக்கு மேல கேக்காத" என்றார்.

மேடு என்றால் எங்கள் தோட்டத்தின் மேற்கு மூலையில் இருந்த பெரிய திட்டு. சுற்றிலும் இடிந்த கல்லும் மண்ணுமாக ஒரு கரை வளைத்துக்கொண்டு போகும். கரைக்கு வெளியே தூர்ந்துபோன பள்ளம். ஊரார் அதைப் பாண்டவர் கோட்டை என்பார்கள். பாண்டவர்கள் வனவாசம் வந்தபோது ஒரே இராத்திரியில் கட்டினார்களாம். பீமன் இருந்தால் ஒரு இராத்திரி எதற்கு, அரை இராத்திரி போதுமே! ஏர் போகாத இடம், முள்ளும் ஊஞ்ச மரமும். அதற்குள் எங்கேயோ என் பிள்ளை இருந்தான். எங்கே என்று எனக்குத் தெரியாது.

அந்த மேட்டைத் தோண்ட ஆள் வந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கன்றுக்குட்டி கட்டிய கல்

அவன் போய் ஒரு வருஷம் கழித்து, தை அறுப்பு முடிந்த கையோடு ஆபீசர் வந்தார். இரண்டு கூடாரம், ஒரு சமையல்காரர், படம் வரைய கோயமுத்தூரிலிருந்து ரகுமான் பாய். பாய் நாற்பது வயசுக்காரர், ஒல்லி, காதில் எந்நேரமும் ஒரு பென்சில். முன்பு நகைக்கடைகளுக்கு மாதிரிப் படம் வரைந்துகொண்டிருந்தவர். ஒரு பானைச் சில்லைக் கையில் கொடுத்தால் முழுப் பானையை வரைந்து காட்டிவிடுவார்.

முதல் நாள் தண்ணீர் கேட்டு எங்கள் களத்துக்கு வந்தார்கள். ஆபீசர் தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனவர், குடிக்காமல் கட்டுத்தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு பெரிய பலகைக் கல் நட்டிருந்தது. நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டையில் கயிறு. கயிற்றில் கன்றுக்குட்டி.

"ஏம்மா, இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது?"

"மேட்டுக்கு அக்கட்டால பாண்டவங்குழின்னு இருக்குதல்லொங்க, அங்கிருந்து எங்க மாமனாரோட தாத்தா காலத்துல வண்டியில கொண்டாந்தாங்களாம். ஓட்டை இருக்குதுங்களா, கன்னுக்குட்டி கட்டத் தோதா இருக்குது."

ஆபீசர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தார். அது செத்தவர்களை வைத்த கல்லறையின் பக்கச் சுவராம். அந்த ஓட்டை ஆவி வந்து போகிற வாசல் என்று சில பேர் சொல்கிறார்களாம். பிறகு எங்கள் துவைகல்லைப் பார்த்தார். அது மூடிக்கல். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பழங்காலத்துப் பெரிய மனிதரின் தலைக்கு மேல் வேட்டி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கல் அகப்படும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல கல் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வந்தார்கள்.

மேடு எங்கள் பட்டா நிலம்தான். மாமனாரிடம் தாசில்தார் ஆள் வந்து விவரம் கத்தினான். "சர்க்காரு காரியமுன்னா சரீங்க" என்று தலையை ஆட்டிவிட்டார். என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

கூடையைத் தூக்கினேன்

ஊரிலிருந்து ஆண்கள் வெட்டவும் பெண்கள் மண் சுமக்கவும் வந்தார்கள். இரண்டு நாள் கரையில் நின்று பார்த்தேன். மண்வெட்டி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கரை விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, வரிசையில் போய் நின்றேன்.

எல்லோரும் திகைத்துப்போனார்கள். தோட்டத்துக்காரி கூலியாளோடு மண் சுமப்பதா? மாராயி என்று ஒருத்தி, எனக்கு முன்னால் நின்றவள், "ஏனுங்கம்மிணி, உங்களுக்கென்ன தலையெழுத்துங்க?" என்று என் கூடையைப் பிடுங்கப் பார்த்தாள்.

ஆபீசரும் ஓடி வந்தார். "நீங்க எதுக்கும்மா?"

"என்ற மண்ணுங்க. எங்க போகுதுன்னு நான் பாக்கோணும்."

நிஜமான காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேர் நாலு விதமாக ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூடை மண்ணையும் என் கண்ணால் பார்க்க வேண்டும். தங்கம் வெளியே வந்தால் அவனை முதலில் தொடுகிறவள் நானாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெட்டின மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வாங்குவேன். பிறகு கோட்டைக்கு வெளியே மேற்குச் சரிவில், பெரிய ஊஞ்ச மரத்துக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவோம். அந்தப் பக்கம் பழைய கட்டிடம் எதுவும் இருக்க வழியில்லை என்று ஆபீசர் பார்த்துச் சொன்ன இடம். போகும்போதும் வரும்போதும் என் கண் குழியில்தான் இருக்கும். கழுத்து கடுத்தது. இரண்டு வாரத்தில் உள்ளங்கை காய்த்துப்போனது.

பொய் சொல்லக்கூடாது. அந்த நாட்களில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. வரிசையில் முன்னாலும் பின்னாலும் மனிதக் குரல் கேட்டது. மாராயி வாய் ஓயாமல் மருமகளைத் திட்டுவாள். அவள் மருமகளை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் "அப்புறம் என்ன சொன்னாளுங்க?" என்று விடாமல் கேட்பேன். வேலை முடிந்து அவர்கள் கூட்டமாக இட்டேரியில் போனதும், நான் மட்டும் திரும்பிச் சாளைக்கு வருவேன். அந்த நடைதான் தாங்காது.

இத்தனை பெரிய சுவர் எதற்கு?

மாசி முழுக்கத் தோண்டியதில் கோட்டையின் கோலம் தெரிந்தது. பாண்டவர்கள் கட்டினதும் இல்லை, ஒரே இராத்திரியில் கட்டினதும் இல்லை. வெளிப்பக்கம் ஒரு வரிசை பெருங்கல், உட்பக்கம் ஒரு வரிசை, நடுவில் களிமண்ணும் சரளையும் போட்டு மிதித்து இறுக்கியிருந்தார்கள். வண்டியே ஓட்டலாம், அத்தனை அகலம். அப்படியும் பயம் தீரவில்லை போலிருக்கிறது. பிற்பாடு அதன் மேல் இன்னும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வெளியே பாறையைக் குடைந்து அகழி. உள்ளே போக ஒரே ஒரு வாசல். அதுவும் நேராக இல்லை. வளைந்து போய், ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் குறுகிவிடும்.

"யாருக்குப் பயந்து சார் இதெல்லாம்?" என்று ரகுமான் பாய் ஒரு நாள் கேட்டார்.

"தெரியலை பாய். மாட்டுக்காக இருக்கலாம். இரும்புக்காக இருக்கலாம். இவங்க எழுதத் தெரியாத காலத்து ஜனங்க. ஒரு வரி எழுதி வெச்சிருந்தா நமக்கு இந்த வேலையே இல்லை."

உள்ளே வட்ட வட்டமாக வீடுகள். வீடு என்றால் சுவர் நிற்கவில்லை. கம்பம் நட்ட குழிகளில் மண் வேறு நிறமாக இருந்தது. அதை வைத்தே இது வீடு, இது வாசல் என்று ஆபீசர் கோடு கிழித்துக் காட்டினார். இரும்பு உருக்கினதில் மிஞ்சின கசடு, கிட்டம் என்பார்கள், குவியலாகக் கிடந்தது. ஒரு மூலையில் நெருப்புப் பிடித்த அடையாளம். சிவப்புக் கல் மணி ஒன்று, வழவழவென்று, நடுவில் ஊசி நுழையும் ஓட்டை. எவளோ தன் கழுத்திலிருந்து அறுந்து விழுந்ததைத் தேடியிருப்பாள்.

எனக்கு அதையெல்லாம் விட அந்த வீடுகளின் நெருக்கம்தான் கண்ணில் பட்டது. ஒரு வீட்டு அடுப்பில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்கலாம். எழுந்திருக்கக்கூட வேண்டாம். எத்தனை பயந்தாலும் சேர்ந்து பயந்திருக்கிறார்கள். என் சாளையைச் சுற்றி ஒரு சுவரும் கிடையாது; அப்படியும் யாரும் வருவதில்லை. ஒரு மத்தியானம் அந்தக் குழிக்குள், எவள் வீட்டுத் தரையிலோ உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். விருந்துக்குப் போன மாதிரி இருந்தது. சிரிக்காதீர்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில்

இப்போது அந்தப் பானைக்கு வருகிறேன்.

நான் கத்தினதும் ஆபீசர் எல்லோரையும் நிழலுக்குப் போகச் சொன்னார். ரகுமான் பாய் குழிக்குள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம், கத்தாமல், முழுசாகச் சொன்னேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மிணி, குழந்தைய எதுல வெச்சு அடக்குனாங்க? பானையிலயா, துணியிலயா?"

"துணியிலதான் எடுத்துட்டுப் போவாங்க. அங்க போயி எப்படி வெச்சாங்களோ, தெரியலீங்க பாய்."

"எந்தப் பக்கமுங்க? கோட்டைக்கு உள்ளயா, வெளியயா?"

"அதுவுந் தெரியலீங்க. பொம்பளைக்குச் சொல்லமாட்டாங்கல்லொ."

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டு.

ஆபீசர் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தியின் நுனியால் குழியின் பக்கவாட்டைக் காட்டினார். "இதைப் பாருங்கம்மா. இது வீட்டுத் தரை. சாணியும் மண்ணும் வெச்சு மெழுகியிருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை ஏடு பாருங்க. பானைக்கு மேல இந்தத் தரை கொஞ்சங்கூட உடையலை. பானையைப் புதைச்ச பிறகுதான் இத்தனை தடவையும் மெழுகியிருக்காங்க. உங்க குழந்தையா இருந்தா, தரையை வெட்டித்தானே உள்ளே வெச்சிருக்கணும்?"

தினமும் தரை மெழுகுகிறவளுக்கு அது புரியாமல் போகுமா? புரிந்தது. அந்த ஏடுகளில் ஒவ்வொன்றும் ஒருத்தியின் கை. அவளும் விடியக்காலை எழுந்து, குனிந்து, இந்த இடத்தைத்தான் மெழுகியிருக்கிறாள்.

"அப்ப இது ஊட்டுக்குள்ளயேவா சார்?"

"வீட்டுக்குள்ளேதான். இதோ அடுப்பு." ஒரு எட்டு தள்ளி, கரி படிந்த கற்கள் இருந்தன. "அந்தக் காலத்துல சின்னக் குழந்தை செத்தா இப்படி வெச்சுக்கற பழக்கம் சில இடங்கள்ல இருந்திருக்கு. பெரியவங்களை வெளியே கொண்டுபோவாங்க. குழந்தையை மட்டும் வீட்டை விட்டு அனுப்பமாட்டாங்க."

எனக்கு வந்தது துக்கம் இல்லை. பொறாமை. எழுதத் தெரியாத ஜனமாம்! அவளுக்குத் தன் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருக்கிறது. உலை கொதிக்கும்போது பக்கத்திலேயே இருந்திருக்கிறான். எட்டாவது படித்த எனக்கு, மேட்டில் எங்கேயோ.

"அங்கயே மூடிப்போடுங்க சார். அவ ஊட்டுல இருக்கட்டும்."

ஆபீசர் பானையின் வாயில் தட்டை மறுபடி வைத்தார். "முடியாதும்மா. இங்கே விட்டா அடுத்த மழைக்கு நிக்காது. பத்திரமா வெச்சுக்குவோம். பஞ்சு சுத்திப் பெட்டியிலே வெச்சுத்தான் கொண்டுபோவோம்."

"பஞ்சு நான் தாரேன்."

வீட்டுக்குப் போய், எங்கள் காட்டுப் பருத்தியைக் கொட்டை எடுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்தேன். பானையைப் பெட்டியில் இறக்கியதும் சுற்றிலும் நான்தான் பஞ்சு வைத்தேன். அவளுக்காக அதையாவது செய்ய முடிந்தது. யாரும் தடுக்கவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய மாமனாருக்கு எதிரில் போய் நின்றேன். தோட்டமே கேட்கும்படி கத்தினேன்: "மாமா! தங்கத்தை எங்க வெச்சாங்க?"

அவருக்குக் கேட்டது. "எனக்குத் தெரியாது கண்ணு. கால் முடியாம நான் போகுல. மம்மட்டி புடிச்சவன் அவன். அவனையே கேளு."

நோம்பிக்கு வந்தவர்

மாரியம்மன் நோம்பிக்கு அவர் வந்தார். தோண்டுகிற வேலை முடிகிற தறுவாயில் இருந்தது. மேட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது; நான் எழுதிப் போடவில்லை. அன்னூரில் பஸ் இறங்கி, இட்டேரியில் நடந்து வந்தவரை வேலிப் படலிலேயே நிறுத்தினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"ஊட்டுக்குள்ள போகாதீங்க. மேட்டுக்கு வாங்க."

"ஏம்புள்ள? என்னாச்சு?"

"எடத்தைக் காட்டுங்க."

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. கையில் இருந்த பையை மட்டும் கீழே வைத்தார். "அதெல்லாங் கேக்கக்கூடாதல்லொ. அடுத்தது தங்காதும்பாங்க."

"தங்காட்டிப் போகட்டுமுங்க. வந்தவன் எங்க இருக்கறான்னு மொதல்ல சொல்லுங்க. இல்லீன்னா நான் இப்படியே எங்கப்பன் ஊட்டுக்குப் போறேன். இந்தத் தோட்டத்துல இனிக் கால் வெக்கமாட்டேன்."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகத்தான் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

மறந்திருப்பார், முள்ளுக்குள் தடுமாறித் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. தோண்டிப் போட்ட குழிகளையும் கூடாரங்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், கரையைச் சுற்றிக்கொண்டு மேற்குச் சரிவில் இறங்கினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார் போல இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். பெரிய ஊஞ்ச மரத்துக்குக் கீழே போய் நின்றார்.

"இதென்ன புள்ள, இத்தனை மண்ணு? ஆரு கொட்டுனது?"

ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது.

"தோண்டுன மண்ணுங்க" என்றேன். "நாந்தானுங்க கொட்டுனேன்."

அவர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு அடியிலதான்" என்றார்.

பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். எல்லோருக்கும் முந்தி நான் பார்க்க வேண்டும் என்று கூடைக்குப் பின்னால் கூடையாக ஓடியவள், அந்த மண்ணையெல்லாம் அவன் மேலேயே கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன். எவளெவளோ மெழுகின தரை, எரித்த அடுப்புச் சாம்பல், உடைத்த பானை, எல்லாம் அவன் மேல்தான் கிடந்தது. கையால் பறித்துப் பார்த்தேன். மண் சரிந்து சரிந்து விழுந்தது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

மண்குவியலில் தலையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். அவரும் அழுதார். அவர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வண்டியில் மூச்சு நின்றபோதுகூட மாட்டைத்தான் விரட்டிக்கொண்டிருந்தார். அழுது ஓய்ந்த பிறகு, இத்தனை நாளும் தெரியாமல் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலையைத் தெற்கே வைத்தீர்களா என்றேன். ஆமாம் என்றார். முகத்தில் மண் படாமல் பார்த்தீர்களா என்றேன். தலைமாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல் வைத்த பிறகுதான் மண் தள்ளினேன் என்றார்.

"எதுல சுத்துனீங்க?"

"தலைக்குக் கட்டற என்ற உருமால் துண்டுல. சளி இருந்துச்சல்லொ புள்ள. காதையுஞ் சேத்து மூடித்தான் சுத்துனேன்."